கேள்வி – பதில்: மேரி ரெனால்ட்ஸின் புத்தக அலமாரி

சென்ற இதழில் சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிடியூட்டின் ரயர்சன் நூலகத்தைப் பற்றி எழுதியபோது, அங்கே பாதுகாக்கப்படும் மேரி ரெனால்ட்ஸ் சேகரிப்பை நான்கு வரிகளில் குறிப்பிட்டுவிட்டுக் கடந்துபோனேன். கனவையும் அடிமனத்தையும் கலைக்குள் கொண்டுவந்த சர்ரியலிசத்தையும் அதற்கு உறவான இயக்கங்களையும் சேர்ந்த நூல்கள், சிற்றிதழ்கள், கண்காட்சிக் கேட்டலாக்குகள் என ஐந்நூறுக்கும் மேற்பட்டவை அந்தச் சேகரிப்பில் இருக்கின்றன. அந்த நான்கு வரிகளைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இம்முறை மிகுதி என்பதால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: மேரி ரெனால்ட்ஸ் யார் என்பதையே சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். ஓவியரா, எழுத்தாளரா, பணக்காரச் சேகரிப்பாளரா?
– வாசகர், திருச்சி

பதில்: அவர் புத்தகம் கட்டியவர். பைண்டர் என்று நாம் அச்சகத்தில் சொல்லும் அதே வேலைதான். ஆனால் அவர் கட்டிய புத்தகங்களைப் பார்த்தபின் அந்தச் சொல்லை நாம் இதுவரை சற்று அலட்சியமாகப் பயன்படுத்திவந்திருக்கிறோமோ என்று தோன்றும்.

அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் 1891-இல் பிறந்தவர். கணவர் முதல் உலகப் போரில் பிரான்சுக்குச் சென்று, போர் முடிந்த சில வாரங்களில், 1919 ஜனவரியில், அப்போது உலகையே வாரிக்கொண்டிருந்த இன்ஃபுளுயன்சாவில் இறந்துபோனார். இளம் விதவையாக 1921-இல் பாரிஸுக்கு வந்த மேரி, ஓவியத்தையே கேள்விக்குள்ளாக்கிய மார்செல் டுஷாம்புடன் பழகத் தொடங்கினார். இடையிடையே விலகியும் சேர்ந்தும் அந்த உறவு மேரியின் மரணம்வரை நீடித்தது. அவர்கள் மணம் செய்துகொள்ளவில்லை. 1929-இல் பியர் லெக்ரேன் என்ற புகழ்பெற்ற கலைஞரிடம் புத்தகக் கட்டுக்கலையைக் கற்றார். பாரிஸின் பதினான்காம் வட்டாரத்தில் ஹாலே தெருவின் 14-ஆம் எண் வீடு அவருடையது. சிற்பி பிரான்குசி, கவிஞர் கோக்தோ, எழுத்தாளர் ஜூனா பார்ன்ஸ், சிற்பி கால்டர் என்று அந்த வீட்டுக்கு வந்து போனவர்களின் பெயர்களை வரிசையாக எழுதினால் அக்கால பாரிஸின் கலை வரலாற்றில் ஓர் அத்தியாயம் தேறிவிடும். 1939-இல் தன் ஓவியக் கண்காட்சிக்காகப் பாரிஸ் வந்து, நோயில் விழுந்து, மருத்துவமனையிலிருந்து வெளிவந்த ஃப்ரிடா காலோவைத் தன் வீட்டில் வைத்துத் தேற்றியவரும் மேரிதான்.

நாஜிகள் பாரிஸைக் கைப்பற்றியபின் நண்பர்கள் பலர் கப்பலேறியபோதும் அவர் ஊரை விட்டுப் போகவில்லை, எதிர்ப்பியக்கத்தில் இணைந்தார். எழுத்தாளர் சாமுவேல் பெக்கெட் பணியாற்றிய அதே ரகசியக் குழு அது. குழு காட்டிக்கொடுக்கப்பட்டபின், ஐம்பது வயதைக் கடந்திருந்த நிலையில், பிரனீஸ் மலையைக் கடந்து ஸ்பெயின் வழியாகத் தப்பி, 1943-இல் நியூயார்க் சேர்ந்தார். போர் முடிந்ததும் 1945-இல் மறுபடி அதே ஹாலே தெரு வீட்டுக்குத் திரும்பினார். 1950 செப்டம்பர் 30 அன்று புற்றுநோயால் காலமானார்.  அவருடைய சகோதரர் ஃபிராங்க் ஹூபாசெக், டுஷாம்பின் உதவியோடு அந்த நூல்களைப் பிரித்து ஒழுங்குபடுத்தி, 1951-இல் சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிடியூட்டுக்குக் கொடுத்தார். ஆகவே பணத்தை வைத்துக்கொண்டு ஏலத்தில் வாங்கிக் குவித்த சேகரிப்பு அல்ல இது. நண்பர்கள் எழுதியவை, நண்பர்கள் கொடுத்தவை, நண்பர்களுக்காகத் தானே தைத்துக் கட்டியவை ஆகியவற்றின் தொகுதி.

கேள்வி: புத்தகத்துக்கு அட்டை போடுவதில் அப்படி என்ன கலை இருக்கிறது? ஓர் உதாரணம் சொல்லுங்கள்.
– வாசகர், ஈரோடு

பதில்: ஒன்று போதாது, மூன்று சொல்கிறேன்.

ஆல்ஃபிரெட் ஜாரியின் ‘உபு ராஜா’ நாடகம் 1896-இல் பாரிஸில் மேடையேறியபோது முதல் சொல்லிலேயே அரங்கில் கூச்சல் எழுந்தது. பெருந்தீனிக்காரனான உபு, போலந்து மன்னனைக் கொன்று அரியணையைப் பிடிக்கும் கதை. 1935-இல் இந்த நூலுக்கு டுஷாம்ப் ஓர் அட்டையை வடிவமைக்க, மேரி அதைத் தோலில் செய்து முடித்தார். முன்னட்டை ‘யு’ என்ற ரோமன் எழுத்தின் வடிவில் வெட்டப்பட்டிருக்கிறது; புத்தகத்தின் முதுகு ‘பி’; பின்னட்டை மீண்டும் ‘யு’. புத்தகத்தை விரித்துக் கவிழ்த்து வைத்தால் மண்நிறத் தோலில் உபுவின் பெயர் முழுவதும் தெரியும். முன்னட்டையில் எழுத்துக்காக வெட்டிய இடைவெளி வழியே உள்ளே கறுப்புப் பட்டில் பதித்த பொன்னிறக் கிரீடம் எட்டிப் பார்க்கும். பின்னட்டையில் ஆசிரியரின் பெயர். கொலை செய்து பெற்ற கிரீடத்தை அட்டையைத் திறப்பதற்கு முன்பே வாசகன் பார்த்துவிடுகிறான்.

இரண்டாவது, மான் ரே வரைந்த கோட்டோவியங்களுக்குப் பால் எல்யுவார் கவிதை எழுதி 1937-இல் வெளிவந்த நூல். பொதுவாகக் கவிதைக்குத்தான் ஓவியர் படம் வரைவார். இங்கே படத்துக்குக் கவிஞர் கவிதை வரைந்தார். தலைப்பின் பொருள் ‘தளையற்ற கைகள்’. மேரி ஒரு பெண்ணின் மெல்லிய தோல் கையுறைகளைப் பிரித்து அந்த நூலின் அட்டைகளில் பதித்தார். புத்தகத்தை யார் கையில் எடுத்தாலும் அவருடைய கை, காலியான இன்னொரு கையைப் பிடித்தே ஆக வேண்டும். தலைப்பை விளக்குவதற்கு இதைவிடச் சுருக்கமான வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது. ரெமோன் க்வெனோவின் ‘சேன் கிளாங்கிளான்’ என்ற 1948-ஆம் ஆண்டு நாவலில், ஓர் ஊரார் திருவிழா நாளில் பீங்கான் பாத்திரங்களைப் போட்டு உடைக்கிறார்கள். அந்த நாவலைக் கட்டிய மேரி, உடைந்த தேநீர்க் கோப்பையின் கைப்பிடி ஒன்றை எடுத்துப் புத்தகத்தின் முதுகில் பொருத்திவிட்டார். கதையைப் படித்தவருக்கு அது நகைச்சுவை, படிக்காதவருக்குப் புதிர். சர்ரியலிசத்தைப் பற்றிப் பெரிய பெரிய வரையறைகள் இருக்கின்றன. ஒரு பொருளை அது இருக்க வேண்டிய இடத்திலிருந்து எடுத்து, இருக்கக் கூடாத இடத்தில் வைத்து, அதன்பின் அதற்கு அந்த இடமே பொருத்தம் என்று நம்பவைப்பது என்ற எளிய விளக்கத்துக்கு இந்தக் கைப்பிடியே சாட்சி.

கேள்வி: சர்ரியலிசம் என்றால் உருகி வழியும் கடிகாரங்களும் மீசை முறுக்கிய சல்வதோர் தாலியும்தான் நினைவுக்கு வருகின்றன. ஓவிய இயக்கத்துக்கு நூலகத்தில் என்ன வேலை?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: தாலி அந்த இயக்கத்தில் சேர்ந்தது 1929-இல். அதற்குள் இயக்கத்துக்குப் பத்து வயதாகப்போகிறது. தொடங்கியவர்கள் ஓவியர்களே அல்லர், கவிஞர்கள். பிரெதோன், அரகோன், சூப்போ மூவரும் 1919 மார்ச்சில் ‘லித்தேரத்யூர்’ என்ற சிற்றிதழைத் தொடங்கினர். அதே ஆண்டு பிரெதோனும் சூப்போவும், அறிவின் தணிக்கை குறுக்கிடாதபடி மனம் போன வேகத்தில் எழுதிச் செல்லும் முறையில், ஒரு நூலை எழுதி 1920-இல் வெளியிட்டனர். 1924 அக்டோபரில் பிரெதோனின் சர்ரியலிச அறிக்கை வந்தது. டிசம்பரில் ‘சர்ரியலிசப் புரட்சி’ இதழ் வந்தது. கூட்டாக ஓவியக் கண்காட்சி வைத்தது 1925 நவம்பரில்தான்.

அந்த இதழைக் கையில் எடுப்பவர் முதலில் ஏமாந்துபோவார். கலையிதழ் என்று சொல்ல முடியாத, இரண்டு பத்திகளாக நெருக்கி அச்சிட்ட, ஆடம்பரமற்ற தோற்றம். அக்காலத்தில் பிரான்சில் வந்துகொண்டிருந்த ‘லா நாத்யூர்’ என்ற அறிவியல் இதழின் தோற்றத்தை வேண்டுமென்றே பின்பற்றினார்கள். உள்ளே கனவுகளின் பதிவுகள், தற்கொலை ஒரு தீர்வா என்று கேட்டுப் பெற்ற பதில்கள், பாதிரியார்களையும் நீதிபதிகளையும் திட்டும் கட்டுரைகள். ஆய்வுக்கூட அறிக்கையைப் போல உடுத்திக்கொண்டு கனவு வெளியே வருகிறது. இந்தக் கேலியை, பின்னாளில் தொகுக்கப்பட்ட நூலில் உரையை மட்டும் படிப்பவர் உணர வழியில்லை. 1924-இன் தாளும் எழுத்துருவும் பத்தி அமைப்பும் கண்முன் இருந்தாக வேண்டும். 1929 டிசம்பர்வரை பன்னிரண்டு இதழ்கள் வந்து நின்றுபோனது. 1933-இல் தொடங்கிய ‘மினோத்தோர்’ இதற்கு நேர்மாறு: வழவழப்பான தாள், வண்ண அட்டை, பிக்காசோவும் மீரோவும் மக்ரித்தும் வரைந்த முகப்புகள். பசித்த கவிஞர்களின் இயக்கம் பத்தே ஆண்டுகளில் சீமான்களின் வரவேற்பறை மேசைக்கு வந்துசேர்ந்ததை எந்த வரலாற்று நூலும் சொல்வதற்கு முன்பே இந்த இரண்டு இதழ்களையும் அருகருகே வைத்தால் தெரிந்துகொள்ளலாம்.

ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட் 1934-இல் வெளியிட்ட படத்தொகுதி நாவல் இன்னொரு சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் மலிவு நாவல்களிலும் விற்பனைப் பட்டியல்களிலும் இருந்த மரச்செதுக்குப் படங்களை வெட்டி ஒட்டி, ஐந்து சிறு புத்தகங்களாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிற அட்டை போட்டு வெளியிட்டார். ஒட்டியிருப்பது தெரியாதபடி மீண்டும் அச்சில் ஏற்றியதுதான் அதன் சூட்சுமம். ஒட்டுப்படத்தின் அசலைச் சுவரில் மாட்டினால் கத்தரி வெட்டு தெரிந்துவிடும். அச்சிட்ட பக்கத்தில்தான் அது தடயமின்றி மறையும். ஆகவே அங்கே புத்தகமே அசல்.

கேள்வி: சர்ரியலிசத்தைத் தமிழில் எப்படிச் சொல்வது சரி?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: மீயதார்த்தம், மிகையதார்த்தவாதம், அடிமன வெளிப்பாட்டியம் என்றெல்லாம் எழுதுகிறார்கள். ‘மிகை’ என்பது அளவைச் சொல்கிறது. அந்த இயக்கம் அளவைப் பற்றியது அன்று. ‘மீ’ கொஞ்சம் தேவலை. நான் சர்ரியலிசம் என்றே எழுதுவது சோம்பேறித்தனத்தால் அல்ல என்று சொன்னால் பாதி உண்மையாகிவிடும்.

கேள்வி: பழமையை அழிக்கப் புறப்பட்டவர்கள் இவர்கள். நூலகங்களைக் கொளுத்தச் சொன்னதாகவும் படித்திருக்கிறேன். அவர்களுடைய புத்தகங்களையே நூலகம் கண்ணும் கருத்துமாகக் காப்பது முரண்பாடு இல்லையா?
– வாசகர், மதுரை

பதில்: கொளுத்தச் சொன்னவர் இத்தாலிய எதிர்காலவாதி மரினெட்டி. 1909 பிப்ரவரியில் பாரிஸின் ‘ஃபிகாரோ’ நாளிதழின் முதல் பக்கத்தில் வந்த அறிக்கையில், நூலக அலமாரிகளுக்குத் தீ வைக்கவும் அருங்காட்சியகங்களில் வெள்ளத்தைத் திருப்பிவிடவும் அழைத்தார். கொளுத்தச் சொன்ன அறிக்கையை இன்று நாம் படிக்க முடிவது, கொளுத்தப்படாத நூலகங்கள் அந்த நாளிதழை எடுத்துவைத்ததால்தான். ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டால் அது மலிவான வெற்றி. உண்மை இன்னும் சுவையானது.

டுஷாம்ப், ‘படியிறங்கும் நிர்வாண உருவம்’ ஓவியம் நியூயார்க்கில் பரபரப்பை ஏற்படுத்திய 1913-ஆம் ஆண்டிலேயே, பாரிஸில் சேன்த் ஜெனவியேவ் நூலகத்தில் சம்பளத்துக்கு வேலை பார்க்கத் தொடங்கினார். சைக்கிள் சக்கரத்தை முக்காலியில் பொருத்திக் கலையின் கழுத்தைத் திருகிய மனிதர், பகலில் வாசகர்களுக்கு நூல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். பிரெதோனின் பகையாளியும் ‘தொக்யுமான்’ இதழை நடத்தியவருமான ஜார்ஜ் பத்தாய், பிரெஞ்சு தேசிய நூலகத்தின் அலுவலர். 1940-இல் பாரிஸை விட்டு ஓடும்போது ஜெர்மன் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின் தன் முடிவுறாத ஆய்வுக் கையெழுத்துப் படிகளை ஒப்படைத்தது அவரிடம்தான். பத்தாய் அவற்றை நூலகத்துக்குள்ளேயே ஒளித்துவைத்துக் காப்பாற்றினார்.

பிரெதோனும் இதற்கு விலக்கல்லர். ஜாக் தூசே என்ற ஆடையலங்கார நிறுவன அதிபர் ஒருவர் இருந்தார். 1917-இல் தன் கலைநூலகம் முழுவதையும் பாரிஸ் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டு, நவீன இலக்கியத்துக்காக இன்னொரு நூலகம் சேர்க்கத் தொடங்கினார். அதற்கு ஆலோசகர்களாகச் சம்பளம் கொடுத்து அவர் அமர்த்திக்கொண்டவர்கள் இளம் பிரெதோனும் அரகோனும். என்ன கையெழுத்துப் படி வாங்கலாம், எந்த ஓவியத்தை விடக் கூடாது என்று இவர்கள் எழுதிக் கொடுக்க, தூசே வாங்கினார். பிக்காசோவின் ‘அவின்யோன் நங்கையர்’ ஓவியம் 1924-இல் அவர் கைக்கு வந்தது பிரெதோனின் விடாப்பிடியான வற்புறுத்தலால். தூசே 1929-இல் இறந்தபோது அந்த இலக்கிய நூலகமும் பல்கலைக்கழகத்துக்குப் போயிற்று. இன்றும் அவர் பெயரிலேயே இருக்கிறது. அவருடைய நூல்களுக்கு நவீன பாணியில் அட்டை கட்டிக் கொடுத்தவர் பியர் லெக்ரேன், அதாவது மேரியின் ஆசிரியர். இவர்களை எதிரிகளாகவும் நூலகத்தை இவர்களின் சிறையாகவும் கற்பனை செய்வது தவறு. நூலகம் இவர்கள் வேலை பார்த்த இடம், சில மாதங்களில் இவர்களுக்குச் சோறு போட்ட இடமும்கூட.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரெதோன் 1966-இல் இறந்தபின் ஃபோந்தேன் தெருவில் அவர் வாழ்ந்த அறைகளில் இருந்த நூல்கள், ஓவியங்கள், பழங்குடிச் சிற்பங்கள் எல்லாம் பல ஆண்டுகள் அப்படியே இருந்தன. ஒன்றாகக் காக்க ஏற்பாடு எதுவும் கைகூடாமல், 2003 ஏப்ரலில் பாரிஸில் ஏலத்துக்கு வந்தன. எழுத்தாளர்கள் எதிர்ப்புக் கூட்டம் போட்டார்கள், ஏலம் நடந்தது. அவருடைய மேசைக்குப் பின்னாலிருந்த சுவர் மட்டும் அதன் பொருள்களோடு பாரிஸின் பொம்பிதூ கலை மையத்துக்குக் கிடைத்தது. மேரியின் அலமாரி அப்படிச் சிதறவில்லை. எந்த நூலுக்குப் பக்கத்தில் எந்த நூல் இருந்தது என்பதற்கும் பொருள் உண்டு என்று நினைப்பவன் நான்; அந்த வகையில் சிகாகோவின் ஐந்நூறு நூல்கள் ஏலத்தில் போன ஆயிரங்களைவிட அதிகம் பேசும்.

கேள்வி: நூலகராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். கோப்பைக் கைப்பிடி பொருத்திய புத்தகத்தை எந்த அடுக்கில் வைப்பார்கள் என்பதே என் கவலை.
– வாசகர், கும்பகோணம்

பதில்: தொழில் தெரிந்தவரின் கேள்வி. இத்தகைய நூல்களை நெருக்கி நிற்கவைக்க இயலாது; அளவெடுத்துச் செய்த, அமிலம் கலவாத அட்டைப் பெட்டிகளில் படுக்கவைப்பதே நூலகங்களின் வழக்கம். ஆனால் கைப்பிடி இவற்றில் சாதுவான பிரச்சினை.

இத்தாலிய ஓவியர் தெப்பேரோ 1927-இல் வெளியிட்ட நூலுக்குத் தையலே இல்லை. இரண்டு பெரிய அலுமினிய மரைகளால் இறுக்கியிருக்கும். மரினெட்டியின் கவிதைகள் 1932-இல் தகரத் தாள்களில் அச்சேறின. ரஷ்யக் கவிஞர் காமென்ஸ்கி 1914-இல் வெளியிட்ட தொகுதி, வீட்டுச் சுவரில் ஒட்டும் பூப்போட்ட தாளின் பின்புறத்தில், ஒரு மூலை வெட்டப்பட்டு ஐங்கோணமாக இருக்கும். 1947-இல் பாரிஸில் நடந்த சர்ரியலிசக் கண்காட்சியின் கேட்டலாக்கில் 999 சிறப்புப் பிரதிகளுக்கு டுஷாம்ப், நுரை ரப்பரால் ஆன ஒரு பெண்மார்பை முன்னட்டையில் ஒட்டி, பின்னட்டையில் ‘தயவுசெய்து தொடவும்’ என்று அச்சிட்டார். தொடாதீர்கள் என்று எழுதிவைக்கும் அருங்காட்சியகங்களுக்கு அது பதிலடி. காலம் அந்தப் பதிலடிக்கும் பதில் சொல்லிவிட்டது: நுரை ரப்பர் காற்றுப் பட்டு இறுகிப் பொடியும் பொருள், இன்று அந்தப் பிரதிகளைத் தொடவே கூடாது.

எல்லாவற்றிலும் குறும்பானது 1959-இல் கீ தெபோரும் அஸ்கர் யோர்னும் சேர்ந்து கோபன்ஹேகனில் அச்சிட்ட ‘நினைவுகள்’. அதன் அட்டை உப்புத்தாள். இழுத்துச் செருகும்போதெல்லாம் பக்கத்திலிருக்கும் புத்தகங்களைத் தேய்த்துக் கெடுக்கட்டும் என்பதே திட்டம். நூலகர் அதைத் தனிப் பெட்டிக்குள் வைத்த நாளில் திட்டம் தோற்றது; அலமாரியில் அதற்கு மட்டும் தனியறை கிடைத்ததால் ஜெயித்தது என்றும் சொல்லலாம்.

இவை எல்லாம் கண்ணுக்குத் தெரியும் தொல்லைகள். உண்மையான எதிரி தாள்தான். மலிவு மரக்கூழில் செய்த தாளிலிருக்கும் அமிலம் உள்ளிருந்தே அதை அரிக்கும். முதலில் பழுப்பேறும், பிறகு மடிப்பில் ஒடியும். கம்பித் தையல் துருப்பிடித்து, சுற்றியுள்ள தாளையும் தின்னும். துண்டறிக்கைகளின் நிலை இன்னும் மோசம். 1924 டிசம்பரில் பிரெதோனின் குழு, சுவர்களில் ஒட்டுவதற்காக வண்ணத் தாளில் குட்டிக் குட்டிச் சீட்டுகளை அச்சிட்டது. ‘பெற்றோர்களே, உங்கள் கனவுகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்’ என்பது அவற்றில் ஒன்று. ஒரு மழைக்குக் கூடத் தாங்காதபடி அச்சிட்டதை நூறாண்டு காப்பது என்பது, நீங்கள் அறிந்திருப்பீர்கள், பணத்தைவிடப் பொறுமையைக் கேட்கும் வேலை.

கேள்வி: பாரிஸில் பிறந்த இயக்கத்தின் நூல்கள் சிகாகோவுக்குப் போனது பொருத்தமா?
– வாசகி, சென்னை

பதில்: மேரியின் உடன்பிறந்தவர் சிகாகோவில் வழக்கறிஞர், காரணம் அவ்வளவுதான். ஆனால் பொருத்தமின்மையில் ஒரு பொருத்தம் உண்டு. நியூயார்க்கில் பரபரப்பூட்டிய நவீன ஓவியக் கண்காட்சி 1913 வசந்தத்தில் சிகாகோவுக்கு, இதே ஆர்ட் இன்ஸ்டிடியூட்டுக்கு, வந்தது. அதன் கலைப்பள்ளி மாணவர்கள் மத்தீஸுக்கு ஒரு போலி விசாரணை நடத்தி, அவருடைய ஓவியங்களின் நகல்களைக் கட்டடத்துக்கு வெளியே கொளுத்தினார்கள். அப்போது உள்ளே தொங்கிய படங்களில் டுஷாம்பின் நிர்வாண உருவமும் ஒன்று. முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து அதே வாசல் வழியாக அவருடைய தோழியின் நூல்கள் உள்ளே போயின. 1929-இல் பெல்ஜிய இதழ் ஒன்றில் வெளியான சர்ரியலிஸ்டுகளின் உலக வரைபடத்தில் அமெரிக்க ஐக்கிய நாட்டையே காணோம். பசிபிக் கடல் நடுவில் இருக்கும், ஈஸ்டர் தீவு ஒரு கண்டம் போல வீங்கியிருக்கும். வரைபடத்திலிருந்து அழித்த நாட்டில்தான் அவர்களுடைய நூல்கள் பத்திரமாக இருக்கின்றன.

சிகாகோ என்றதும் நம் வாசகர்களுக்கு வேறொரு பெயர் நினைவுக்கு வந்திருக்கும். கோட்டையூர் ரோஜா முத்தையா தனியொருவராகச் சேர்த்த தமிழ் நூல்களையும் இதழ்களையும் அழைப்பிதழ்களையும் நாடக நோட்டீஸ்களையும், அவர் மறைவுக்குப் பின் 1994-இல் வாங்கியது சிகாகோ பல்கலைக்கழகம். ஆனால் கப்பலேற்றாமல் சென்னையிலேயே நூலகமாக்கியது. ஆர்ட் இன்ஸ்டிடியூட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. இருந்தாலும், சில்லறைக் காகிதம் என்று பிறர் எறிந்ததைச் சேர்த்த இருவரின் உழைப்பும் சிதறாமல் தப்பியதில் அந்த நகருக்குப் பங்கிருப்பதை நினைத்துப் பார்க்கிறேன்.

கேள்வி: ‘டுஷாம்பின் காதலி’ என்றே மேரியை எல்லோரும் எழுதுகிறார்கள். நீங்களும் ‘உபு’ அட்டையை டுஷாம்ப் வடிவமைத்ததாகத்தானே எழுதுவீர்கள்?
– வாசகி, புதுச்சேரி

பதில்: எழுதியே விட்டேன், ஏனெனில் அந்த ஒன்று அப்படித்தான். மற்ற இரண்டிலும் வடிவம் மேரியுடையது என்பதைக் கவனியுங்கள். உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 1956-இல் ஆர்ட் இன்ஸ்டிடியூட் இச்சேகரிப்புக்கு ஒரு நூற்பட்டியலை வெளியிட்டது. ஹ்யூ எட்வர்ட்ஸ் தொகுத்தார், டுஷாம்ப் முன்னுரை எழுதினார். மேரி, சர்ரியலிசத்துக்கு முந்தைய கலகக் கலை இயக்கமான தாதாவின் நிகழ்ச்சிகளை நேரில் கண்டவர், சர்ரியலிசம் பிறந்தபோது அதன் ஆதரவாளர், மரபான கட்டுமுறையிலிருந்து முற்றிலும் விலகியவர் என்று அன்போடு சொன்னார். நல்ல சொற்கள்தாம். ஆயினும் பல ஆண்டுகள் அந்த நூல்கள் சர்ரியலிசத்தின் ஆவணங்களாகவே பார்க்கப்பட்டன. அவற்றைக் கட்டிய கை தனியாகக் கவனம் பெறவில்லை. எழுத்தாளன் பெயர் முகப்பிலும் ஓவியன் கையொப்பம் மூலையிலும் இருக்கும். கட்டுபவர் கையொப்பமிடும் வழக்கம் குறைவு என்பதும் ஒரு காரணம். அவர் நினைவுக் குறிப்புகள் எழுதிவைத்திருந்தால் கதை மாறியிருக்கலாம். 2025-இல் ஆர்ட் இன்ஸ்டிடியூட், ஃப்ரிடா காலோவின் பாரிஸ் நாள்களை மையமாக வைத்து ஒரு கண்காட்சி நடத்தியபோது மேரியின் பெயரைத் தலைப்பிலேயே சேர்த்தது. காலோவின் புகழ் இல்லாவிட்டால் அத்தனை கூட்டம் வந்திருக்காது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கேள்வி: இத்தகைய சேகரிப்புகளில் ஐரோப்பியர் அல்லாதவர்களுக்கு இடம் உண்டா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: இயக்கத்தில் இடம் இருந்தது, அலமாரிகளில் தாமதமாகவே கிடைத்தது. கரீபியன் தீவான மார்த்தினிக்கில் எமே செசேரும் சுசான் செசேரும் நண்பர்களும் 1941 முதல் 1945 வரை ‘த்ரோப்பிக்’ இதழை நடத்தினார்கள். நாஜிகளுக்கு இணங்கிய விஷி அரசின் தணிக்கையாளர்கள், கவிதைப் பூடகத்தை நாட்டுப்புறவியல் என்று நினைத்துச் சில காலம் விட்டுவைத்தார்கள். 1941-இல் அகதியாகக் கப்பலில் வந்த பிரெதோன் அங்கே ஒரு கடையில் அவ்விதழைத் தற்செயலாகக் கண்டெடுத்தார். கெய்ரோவில் 1938 டிசம்பரில் ஜார்ஜ் ஹெனெய்னும் தோழர்களும் நாஜிகள் பழித்த கலைக்கு ஆதரவாக ‘சீர்குலைந்த கலை வாழ்க’ என்ற அறிக்கையை வெளியிட்டார்கள். பாரிஸ் இதழ் ஒன்றைவிட இவற்றின் ஒரு பிரதி கிடைப்பது அரிது.

கேள்வி: அமெரிக்கா போக வசதியில்லை. வீட்டிலிருந்தபடி இவற்றில் எதையாவது பார்க்க முடியுமா?
– கல்லூரி மாணவி, சேலம்

பதில்: தாராளமாக. மேரி கட்டிய நூல்கள் பலவற்றின் படங்களை ஆர்ட் இன்ஸ்டிடியூட் தன் இணையதளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது; அவர் பெயரைக் கொடுத்துத் தேடுங்கள். அயோவா பல்கலைக்கழகம் 1979 முதல் நடத்திவரும் பன்னாட்டு தாதா ஆவணகம், ‘தாதா’, ‘391’ முதலிய சிற்றிதழ்களைப் பக்கம் பக்கமாகப் பதிவேற்றியிருக்கிறது. பிரெஞ்சு தேசிய நூலகத்தின் காலிக்கா தளமும் உண்டு. பிரெஞ்சு தெரியாதே என்று தயங்க வேண்டாம். பிகாபியாவின் ‘391’ இதழில் எழுத்துகள் சாய்ந்தும் தலைகீழாகவும் இயந்திரப் படங்களுக்குள் நுழைந்தும் கிடப்பதால், பிரெஞ்சு தெரிந்தவரும் முதலில் உங்களைப் போலத்தான் திரையைச் சாய்த்துப் பார்ப்பார். படத்தில் கிடைக்காதது ஒன்றுண்டு: அளவு. சில இதழ்கள் கைக்குட்டை அளவு, சில நாளிதழ் அளவு. திரையில் எல்லாம் ஒன்றுபோல் தோன்றும். ஒவ்வொரு பதிவின் கீழும் சென்டிமீட்டரில் உயரம், அகலம் கொடுத்திருப்பார்கள். ஓர் அளவுகோலை எடுத்து, அந்த அளவில் பழைய நாளிதழ்த் தாளை வெட்டி, மடித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.